வாக்கைச் சுமக்கும் வலிமை

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்னும் வினா நம்மவர்களிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. 1836ஆம் ஆண்டு மறைந்த திமிஷ்க் நகரத்து ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் அவர்கள், ஐரோப்பியக் கடல் வணிகர்களின் ‘ஸூகரா’ என்னும் காப்புறுதி ஒப்பந்தத்தை ஆராய்ந்து அக்காலத்திலேயே கருத்துரைத்துள்ளார்கள். 1985ஆம் ஆண்டு ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிக நோக்குடைய காப்பீட்டை விலக்கியும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீட்டை அனுமதித்தும் தீர்மானம் செய்தது. அவ்விவாதத்தை மீண்டும் திறப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த வினாவுக்குள்ளேயே மற்றொரு வினா உறங்கிக் கிடக்கிறது. அதனை எழுப்புவதே நோக்கம். “உன் இழப்பை நான் ஈடு செய்வேன்” என்று வாக்களிப்பவனுக்கு அவ்வாக்கைச் சுமக்கும் வலிமை உண்டா? உண்டெனில் அவ்வலிமையை எந்த நாளில், எந்த அளவுகோலால் அளப்பது?

“நான் காப்பீடே எடுப்பதில்லை, எனக்கேன் இந்த ஆராய்ச்சி?” என்று ஒதுங்குதல் இன்று எளிதன்று. வாகனம் வைத்திருப்போர் பிறருக்கு விளைவிக்கக்கூடிய சேதத்திற்காகக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வங்கியில் பயிர்க்கடன் பெற்ற விவசாயி 2020ஆம் ஆண்டுவரை கட்டாயமாகச் சேர்க்கப்பட்டான். அதன் பிறகு அது அவரவர் விருப்பமாயிற்று. எனினும் பெருந்தொகையான மானாவாரி விவசாயிகள் அதில் தொடர்ந்து சேர்ந்து வருகின்றனர். ஆகவே, வாக்களிப்பவனின் வலிமை நம் அனைவரையும் தொடுகின்ற செய்தியாகும்.

கரிசல் பூமியில் வாழ்வோருக்கு இதன் உட்பொருளை விளக்குவது எளிது. கோவில்பட்டி வட்டாரத்தில் இருவகைத் துன்பங்கள் உண்டு. ஒன்று, தீப்பெட்டித் தொழிற்சாலையில் பற்றும் தீ. நூறு தொழிற்சாலைகள் ஆளுக்கொரு தொகை செலுத்தி வைத்திருந்தால், அவற்றுள் ஒன்று எரியும்போது மற்றத் தொண்ணூற்றொன்பதின் பணம் அதனைத் தூக்கி நிறுத்தும். இங்கே ஒருவருடைய துன்பம் மற்றவருடைய துன்பத்தோடு கைகோத்து வருவதில்லை.

மற்றொன்று வானம் தரும் துன்பம். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. ஐப்பசியில் மேகம் திரளாமற் போனால் ஒரு பிர்க்காவின் காடுகள் அனைத்தும் ஒருங்கே கருகுகின்றன. மார்கழியில் அளவு மீறிப் பொழிந்தால் அனைத்தும் ஒருங்கே அழுகுகின்றன. நூறு பேர் பணம் செலுத்தியிருந்தால் நூறு பேரும் அதே நாளில் கை நீட்டுகின்றனர். கொடுத்துத் தாங்குவதற்கு அங்கே எவரும் மிஞ்சுவதில்லை.

முதல் வகைத் துன்பத்தில் எந்த நிறுவனமும் வலிமையுள்ளதாகவே தோன்றும். இரண்டாம் வகைதான் உண்மையான உரைகல். காப்பீட்டு நிறுவனத்தின் வலிமை அதன் மாளிகையின் உயரத்தாலோ, விளம்பரத்தின் பொலிவாலோ அறியப்படுவதன்று. அது கொடுத்த வாக்குகள் யாவும் ஒரே நாளில் கதவைத் தட்டினால் என்ன செய்யும் என்பதே கேள்வி.

இதனை அறம் சார்ந்த கேள்வி என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஃபிக்ஹு நூல்கள் வணிகத்தைப் பற்றிப் பேசுமிடத்து, விற்கப்படும் பொருளை ஒப்படைக்கும் ஆற்றல் விற்பவனுக்கு இருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைக்கின்றன. வானில் பறக்கும் பறவையையும், நீருக்குள் நீந்தும் மீனையும் பிடிப்பதற்கு முன் விற்றல் கூடாது என்பது மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவனும் அறிந்த பாடம். காப்பீட்டில் பணம் முதலில் கைமாறுகிறது. பொருளோ பின்னொரு நாளைக்குரிய வாக்காக நிற்கிறது. வாங்குபவன் அப்பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. எடை போட இயலாது. தாங்கும் வலிமையின்றி அந்த வாக்கை விற்பவன் நீருக்குள் இருக்கும் மீனையே விற்கிறான். அவன் பொய் சொல்ல எண்ணியிருக்க மாட்டான். ஆயினும், தன்னால் இயலுமா என்று கணக்கிட்டுப் பாராமல் வாக்களிப்பது பொய்க்கு அண்டை வீட்டில் குடியிருப்பதாகும்.

அவ்வலிமை எதனால் ஆனது? மூன்று பொருள்களால் ஆனது. முதலாவது, வாக்களித்தவனின் சொந்த மூலதனம். நிறுவனத்தின் சொத்துக்களிலிருந்து அது கொடுக்க வேண்டிய கடமைகள் அனைத்தையும் கழித்த பின் எஞ்சுவது எவ்வளவு? சட்டம் வேண்டுகின்ற அளவைப் போல் அது எத்தனை மடங்கு? இதனையே கடன் தீர்க்கும் திறன் விகிதம் என்கின்றனர். நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இவ்விகிதம் 1.5க்குக் குறையலாகாது என விதித்துள்ளது. இரண்டாவது, ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இழப்புகளுக்காக ஒதுக்கி வைத்துள்ள தொகை. மூன்றாவது, மறுகாப்பீடு; அதாவது, காப்பவன் தன் பாரத்தில் ஒரு பகுதியை மற்றொரு காப்பாளனிடம் பகிர்ந்து வைப்பது.

மூன்றாவதன் வரலாறு படிப்பினை மிக்கது. 1861ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் நகரம் ஓரிரவில் தீக்கிரையாயிற்று. வீடுகள் காப்பீடு செய்யப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் காப்பாளனின் கையிருப்பு ஒரு வீட்டுக்கும் இரு வீட்டுக்கும் போதுமானதேயன்றி ஒரு நகரத்துக்குப் போதுமானதாக இல்லை. அந்தப் பாடத்தின் விளைவாகவே 1863இல் சூரிச் நகரில் ஸ்விஸ் ரீ என்னும் மறுகாப்பீட்டு நிறுவனம் பிறந்தது. நம் நாட்டில் 1972இல் அமைக்கப்பெற்ற ஜி.ஐ.சி. நிறுவனம் இப்பணியை ஆற்றி வருகிறது.

கரிசல்காட்டு மக்கள் இந்த நுட்பங்களைப் புத்தகம் படியாமலே அறிந்திருந்தனர். நல்ல வெள்ளாமை கண்ட ஆண்டின் தானியத்தைக் குலுக்கையில் கொட்டி வாயை மெழுகி வைத்தது காலத்தோடு செய்த ஒப்பந்தம். மழை பொய்த்த ஆண்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள உறவினர் வீட்டுக்கு நெல்லுக்காகச் சென்றது இடத்தோடு செய்த ஒப்பந்தம். ஒதுக்கீடும் மறுகாப்பீடும் இவ்விரண்டின் விரிவேயாகும்.

இனி, பேரிடருக்குப் பிறகு வலிமையை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதைக் காண்போம். 2023 டிசம்பர் மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அம்மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. இரு வாரம் கழிவதற்குள், 17, 18 தேதிகளில், தென் மாவட்டங்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையை விஞ்சிய அளவு அது. கோவில்பட்டி வட்டாரத்திலும் பெருமழை கொட்டிற்று. கரிசலில் நின்ற பயிர்கள் நீரில் மூழ்கின.

சென்னையில் வாகனங்களுக்கும் கிட்டங்கிகளுக்கும் காப்பளித்த நிறுவனமே தூத்துக்குடியிலும் காப்பளித்திருக்குமாயின், அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் அடியின் கணக்கு முடிவதற்குள் இரண்டாம் அடி. ஆகவேதான் நிறுவனங்களின் நிதி வலிமையைத் தரப்படுத்துவோர், “இந்தப் பேரிடரைத் தாங்கிற்றா?” என்பதோடு நின்றுவிடுவதில்லை. “தாங்கிய பின் எஞ்சிய மூலதனத்தைக் கொண்டு அடுத்ததையும் தாங்குமா?” என்றும் வினவுகின்றனர். அமெரிக்காவில் 1899இல் தோன்றிய ஏ.எம். பெஸ்ட் போன்ற அமைப்புகள் இதனையே தொழிலாகக் கொண்டவை. நம் ஜி.ஐ.சி.யின் தரத்தையே அவ்வமைப்பு 2020இல் ஒரு படி இறக்கிப் பின்னர் 2024இல் மீண்டும் உயர்த்தியது. தரம் என்பது ஒரு நாளின் கருத்தே; நிரந்தரப் பட்டயம் அன்று.

இவ்வளவையில் மூன்று தடுமாற்றங்கள் நேரக்கூடும். வெள்ளம் வடிந்த மறுவாரம் சொல்லப்படும் இழப்புக் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே அமையும். நனைந்த இயந்திரத்தில் துரு ஏறுவது பிறகுதான் தெரியும். இழப்பு நிகழ்ந்திருக்கும், மனு இன்னும் வந்திருக்காது. அத்தகைய இழப்புகளுக்கும் இன்றே பணம் ஒதுக்குவதே நேர்மையான கணக்கு. இரண்டாவதாக, பேரிடருக்குப் பின் மறுகாப்பீட்டின் விலை ஏறும். பழைய விலையில் கிடைத்த தோள் அடுத்த ஆண்டும் அதே விலையில் கிடைக்குமென நம்புதல் கூடாது.

மூன்றாவதும் பெரியதுமான தடுமாற்றம், நல்ல ஆண்டுகள் உண்டாக்கும் மயக்கம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைத் தாக்கியபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப் போயின. அதற்கு முந்திய அமைதியான ஆண்டுகளின் சராசரியைக் கொண்டே அவை கணக்கிட்டிருந்தன. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது; 2017 ஜனவரியில் மாநிலத்தின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவத்தின் பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பிரீமியத்தை மிஞ்சிச் சென்றது. மூன்று போகம் விளைந்ததால் வானம் எழுதிக் கொடுத்துவிட்டதாக எந்தக் கரிசல் விவசாயியும் எண்ணுவதில்லை. கணக்கு வல்லுநர்கள் அதனை எண்ணியதுதான் வியப்பு.

இதுவரை ஆற்றலைப் பற்றிப் பேசினோம். ஆற்றல் மட்டும் போதுமா? போதாது, மனமும் வேண்டும். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. சில நிறுவனங்கள் நொடித்தன. சில, “பூகம்பத்தால் விழுந்த கட்டடத்துக்குத் தீக்காப்பீடு பொருந்தாது” என வாதிட்டும், தொகையைக் குறைத்துப் பேரம் பேசியும் நின்றன. லண்டன் லாயிட்ஸ் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத் என்பவரோ, ஒப்பந்தத்தின் நுண்சொற்களைப் பாராமல் அனைவருக்கும் முழுமையாகக் கொடுக்குமாறு தம் முகவருக்குப் பணித்தார். லாயிட்ஸ் மீது அமெரிக்க மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு அந்தச் செயல் அடித்தளமாயிற்று என்பர்.

இங்கேதான் அறநெறியின் முடிச்சு விழுகிறது. நிறுவனத்தின் மேலாளர் கூறுவார்: “நான் தாராளமாகக் கொடுத்தால் கையிருப்பு கரையும். நாளை மற்றோர் ஊரில் வெள்ளம் வரும்போது அம்மக்களுக்கு நான் என்ன சொல்வேன்? இன்று இறுக்கிப் பிடிப்பது நாளைய மக்களுக்குச் செய்யும் நீதியல்லவா?” இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது, இதில் உண்மை உண்டு. பலருடைய பணம் ஒரு பெட்டியில் உள்ளது. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை இரக்கத்தின் பேரால் ஒருவருக்கு அப்பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்பவன், பிறருடைய அமானிதத்தைக் கொண்டு தர்மம் செய்கிறான். ஹீத்தின் கொடை போற்றத்தக்கதாயிருப்பது, லாயிட்ஸில் காப்பளிப்போர் தம் சொந்தச் செல்வத்தையே பிணையாக வைத்தவர்கள் என்பதால்.

ஆனால் வாதத்தின் மறுபாதி பிழையானது. ஒப்பந்தப்படி உரிய இழப்பீடு, பயிர் அழிந்த நாளிலேயே நிறுவனத்தின் பணம் என்னும் நிலையிலிருந்து நீங்கிவிடுகிறது. அது விவசாயியின் பணம். நிறுவனத்திடம் தங்கியிருக்கிறது, அவ்வளவே. அதனைத் தாமதித்தும், ஐயப்பட்டும், படிவத்தின் குறைகளைக் காட்டியும் நிறுத்தி வைத்து, அதன் மூலம் ஏட்டில் வலிமை காட்டுவது பிறர் பானையின் சோற்றைத் தன் பானையில் எண்ணிக் காட்டுவதற்கு ஒப்பாகும். கடனாளிகளை நம் மரபு இரு வகையாகப் பிரிக்கிறது. இயலாதவனுக்கு அவகாசம் கொடு என்கிறது. இயன்றும் இழுத்தடிப்பவனை அநீதி இழைத்தவன் என்கிறது. பேரிடருக்குப் பின் ஒரு நிறுவனத்தை எடை போடும்போது இந்தப் பிரிவினை நமக்குப் பெரிதும் உதவும். கொடுக்க இயலாத நிறுவனம் எச்சரிக்கைக்கு உரியது. இயன்றும் கொடுக்காத நிறுவனம் கண்டனத்துக்கு உரியது. கடன் தீர்க்கும் திறன் விகிதம் முதலாவதை மட்டுமே காட்டும். இரண்டாவதைக் காண, எத்தனை மனுக்கள் எத்தனை நாளில் தீர்க்கப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

ஆகவே சிக்கனத்துக்கு உரிய காலம் ஒன்று உண்டு. அது பணம் வாங்கும் காலம். போதிய பிரீமியம் பெறாமல், போட்டிக்காக மலிவாகக் காப்பு விற்பவன் வாடிக்கையாளருக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவன் அவர்களுடைய துன்ப நாளைக் கடன் வாங்கிச் செலவழிக்கிறான். பொதுத்துறையைச் சேர்ந்த நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய மூன்று நிறுவனங்களின் திறன் விகிதம் 1.5க்குக் கீழே இறங்கியதற்கு, குழு மருத்துவக் காப்பீடு போன்றவற்றை நெடுங்காலம் நட்டத்துக்கு விற்றதும் ஒரு காரணம். 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை அம்மூன்றுக்கும் மொத்தம் 12,450 கோடி ரூபாய் மூலதனத்துக்கு ஒப்புதல் அளித்தது. வாக்குகள் காப்பாற்றப்பட்டன, நல்லதே. ஆனால் அந்தப் பாரம் எவர் தோளுக்கு மாறியது? ஒரு காப்பீடும் எடுத்திராத, கடையில் உப்பு வாங்கும்போதும் எண்ணெய் வாங்கும்போதும் ஏதோ ஒரு வகையில் வரி செலுத்தும் ஏழையின் தோளுக்கும் மாறியது.

பயிர்க் காப்பீட்டில் இந்தத் தோள் மாற்றம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. 2020இல் மகாராஷ்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு மொத்தப் பிரீமியத்தில் 110 சதவீதம் வரை இருந்தால் நிறுவனம் சுமக்கும். அதற்கு மேல் போனால் மாநில அரசு சுமக்கும். நல்ல ஆண்டில் நிறுவனம் 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அரசிடம் திருப்பித் தரும். இம்முறையின் நிறைகுறைகள் விவாதத்துக்குரியவை. ஆயினும் இதில் ஒரு நேர்மை உண்டு. பெருந்துன்ப நாளில் எவர் சுமப்பார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

இறுதியாக ஒரு செய்தி. என் நெஞ்சில் கனப்பது இதுவே. கோவில்பட்டியில் கடை வைத்திருப்பவர் தம் சரக்குக்குக் காப்பீடு எடுக்கும்போது நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவனங்கள் தம் திறன் விகிதத்தைப் பொதுவில் வெளியிட வேண்டுமென விதி உள்ளது. படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். மானாவாரி விவசாயிக்கு அவ்வுரிமை இல்லை. அவன் மாவட்டத்துக்கு உரிய நிறுவனத்தை அரசு ஒப்பந்தப்புள்ளி கோரித் தேர்ந்தெடுக்கிறது. குறைந்த பிரீமியம் கேட்டவருக்கே அது பெரிதும் கிடைக்கிறது. ராபி பருவத்து உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்துவது காப்புத் தொகையில் 1.5 சதவீதம்; எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன. பணத்தில் பெரும்பகுதியை அரசு கொடுக்கிறது. தேர்வையும் அரசே செய்கிறது. அழிவது மட்டும் விவசாயியின் பயிர்.

பிறருக்காகத் தேர்ந்தெடுப்பவரின் கடமை எத்தகையது? அநாதையின் சொத்துக்குப் பொறுப்பாளராக நின்றவரைப் பற்றி நம் சட்ட நூல்கள் கூறுவதை நினைவுகூர்க. தன் பணத்தைக் கொண்டு துணிந்து வணிகம் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு. அநாதையின் பணத்தைக் கொண்டு அவ்வாறு துணிய உரிமை இல்லை. தேர்ந்தெடுக்க இயலாதவனுக்காகத் தேர்ந்தெடுப்போர், மலிவு ஒன்றையே நோக்காமல், ‘பெருவெள்ளத்துக்கு மறுநாளும் இந்த நிறுவனம் நிற்குமா, நின்று கொடுக்குமா’ என்று நோக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கும் கடமை படித்தவர்களாகிய நமக்கும் உண்டு. சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்றினால் அனைவர் பொறுப்பும் நீங்கும்; எவருமே நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாகும் ‘ஃபர்ளு கிஃபாயா’ என்னும் கூட்டுக் கடமையின் வகையைச் சேர்ந்தது இது.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். மிஸ்ரு நாட்டின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்க முன்வந்தபோது அவர்கள் தம் தகுதிகளாகக் குறித்தவை இரண்டு: பாதுகாக்கும் பண்பு, அறிவு. ஏழு செழித்த ஆண்டுகளில் கதிரோடு சேமித்து வைத்தது அறிவு. பஞ்சம் வந்தபோது கன்ஆனிலிருந்து வந்தவர்களுக்கும் குறையாமல் அளந்து கொடுத்தது பாதுகாக்கும் பண்பு. சேமிக்கத் தெரிந்து அளக்க மனமில்லாதவனையும், அளக்க மனமிருந்து சேமிக்கத் தெரியாதவனையும் பஞ்ச காலத்தில் நம்பிப் பயனில்லை. நம் விவசாயிகளின் வாக்கைச் சுமக்க முன்வரும் எவரிடமும் இவ்விரண்டு தகுதிகளையும் கேட்போமாக. அடுத்த மழை வருவதற்கு முன்னரே கேட்போமாக.